இடம் மாறிய ஒன்றும் ஏழும்

தவமலர் பிழை விடமாட்டாள் என்பது அவளுடைய அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கோயிலில் உபயகாரர் பட்டியலை யாராவது வாசிக்கக் கொடுத்தால்கூட, பேனாவை எடுத்து இரண்டு பேரின் முதலெழுத்தைத் திருத்திவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பாள். "இவவிட்ட ஒரு பேப்பரை நம்பிக் குடுக்கேலாது" என்று புருஷன் யோகராஜா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் பஸ் ஓட்டுபவர். கிங்ஸ்பரி பக்கத்துப் பயணிகளில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். அவர் வாயால் தவமலரையும் தெரியும்.

லண்டனுக்கு வந்த புதிதில் அவள் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட் வேலை செய்தாள். பிறகு மாலை வகுப்புக்குப் போய் டைப்பிங்கும் கம்ப்யூட்டரும் படித்தாள். ஏஜென்சிக்காரர்கள் ஆறு கிழமை வேலை என்று சொல்லி, சதர்க் ஸ்டேஷனுக்குக் கிட்ட உள்ள ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஆறு கிழமை பதினொரு வருஷமாகிவிட்டது. இப்போது அவளுக்கு ஐம்பத்துநாலு வயது.

வேலை இதுதான். வேறு நாடுகளுக்கு உதவியாகக் கொடுக்கும் ஆயுத தளவாடங்களில் சிலவற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும். தோளில் வைத்து ஏவும் ஏவுகணை, தலைக்கவசத்தில் பொருத்தி இருட்டில் பார்க்கும் கருவி போன்றவை வேண்டாத கைக்குப் போனால் ஆபத்து. ஆகவே ஒவ்வொன்றிலும் பொறித்திருக்கும் இலக்கத்தைப் பதிந்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்தபின், அங்கே உள்ள பரிசோதனைக் குழு ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, இலக்கத்தை வாசித்துப் பட்டியல் அனுப்ப வேண்டும். அனுப்பிய பட்டியலையும் வந்த பட்டியலையும் ஒப்பிடுவது தவமலரின் பிரிவு.

அந்த வருஷம் யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு நட்பு நாட்டுக்கு இருட்டில் பார்க்கும் கருவிகள் ஆயிரத்து நூற்று நாற்பது போயின. களஞ்சியத்து ஸ்கேனர் அலுவலகக் கம்ப்யூட்டரோடு ஒத்துவரவில்லை. இலக்கத் தகடுகளைப் படமெடுத்து அனுப்பினார்கள். தவமலர் மூன்று நாள் இருந்து, பெட்டி பெட்டியாக எல்லாவற்றையும் கையால் அடித்துப் பதிந்தாள்.

செப்டெம்பரில் பரிசோதனைப் பட்டியல் திரும்பி வந்தது. ஆயிரத்து நூற்று நாற்பதும் கண்ணால் பார்க்கப்பட்டதாக எழுதிக் கையொப்பம் வைத்திருந்தார்கள். ஒப்பிட்டால் ஒரு இலக்கம்கூட விலகவில்லை. 'கொடுத்த ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்' என்று அமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். பிரிவுத் தலைவர் கிரகாம் ஹாலம் எலுமிச்சை கேக் வாங்கி வந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். முதல் துண்டு தவமலருக்கு.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒரு ஈமெயில் வந்தது. மூன்றாவது நாடொன்றின் எல்லைப் பொலிஸ் அனுப்பியது. ஜூலை மாதம் ஒரு காரின் ஸ்பெயார் டயருக்குக் கீழே, பழைய கம்பளியில் சுற்றியபடி, இருட்டில் பார்க்கும் கருவி ஒன்றைப் பிடித்திருக்கிறார்களாம். அதை விற்கக் கொண்டுபோன இரண்டு பேர் மறியலில் அடைபட்டிருக்கிறார்கள். இலக்கம் 58173. உங்களுடையதா?

ஹாலம் அதை அவளுக்கு அனுப்பி, 'பார்த்துப் பதில் எழுதிவிடுங்கள்' என்றார். தவமலர் தேடினாள். அப்படி ஓர் இலக்கம் பதிவில் இல்லை. மனம் நிம்மதியாகியது. 'இது எங்களுடையதல்ல' என்று பதில் அடித்தாள். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன், பழக்க தோஷத்தில், பட்டியலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

நாற்பத்தோராம் பெட்டி. 58171. 58172. அதற்கடுத்து 58713. பிறகு 58174.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள். களஞ்சியத்துப் படத்தைத் தேடித் திறந்தாள். சாம்பல் நிறத் தகட்டில் தெளிவாகப் பொறித்திருந்தது: 58173. ஒன்றையும் ஏழையும் இடம் மாற்றி அடித்தவள் அவள்தான்.

முதலில் வந்தது வெட்கம். முகம் கொதித்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தாள். அந்த நாள் நினைவுக்கு வந்தது. கடைவாய்ப் பல் குத்திக் குத்தி வலித்த புதன்கிழமை. வீட்டுக்குப் போகாமல், கிராம்பு எண்ணெய்ப் பஞ்சைக் கடித்தபடி அன்று மாலை வரை அடித்து முடித்தாள். அடுத்த நாள்தான் பல்லைப் பிடுங்கினாள். அதைத் தவிர வேறு சாட்டுச் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை.

பிறகுதான் மற்றது உறைத்தது. செப்டெம்பரில் வந்த பட்டியலைத் திறந்தாள். அதிலும் 58713. அப்படி ஒரு கருவி உலகத்திலேயே இல்லை. இல்லாத கருவியை அங்கே ஒருவர் கையில் எடுத்து, கண்ணால் பார்த்து, இலக்கம் வாசித்ததாகக் கையொப்பம் வைத்திருக்கிறார். அவர்கள் பார்த்தது கருவியை அல்ல. கருவிகளோடு போன, அவள் அடித்த பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். உண்மையான கருவியோ அதற்கு இரண்டு மாதம் முன்பே களவாகக் காரில் எல்லை வரை போய்விட்டது.

ஒன்று இப்படியென்றால், மீதி ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பதையும் யார் பார்த்தது?

ஹாலத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் அல்ல. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெகு நேரம் நெற்றியைத் தடவினார்.

"யுத்தம் நடக்கிற இடம், தவா. எங்களுடைய குழுவில் மூன்றே மூன்று பேர். குண்டு விழுகிற பக்கம் போக அவர்களுக்கு அனுமதியும் இல்லை. அங்கே உள்ள ராணுவத்தார் கொடுத்ததை வாங்கி அனுப்பியிருப்பார்கள்."

"அப்படியென்றால் 'பார்க்க முடியவில்லை' என்று எழுதியிருக்கலாமே. நாங்களும் அப்படியே பதிந்திருப்போம்."

"அந்த ஒன்று எங்களிடமிருந்து காணாமற்போனது என்று பொலிசுக்கு எழுதுவோம். இலக்கத்தை இரண்டு பட்டியலிலும் திருத்திவிடுங்கள். தட்டச்சுப் பிழை. அவ்வளவுதான்."

"என்னுடைய பட்டியலைத் திருத்துகிறேன். செப்டெம்பர்ப் பட்டியல் என்னுடையதல்ல. அது அவர்கள் பார்த்ததாகச் சொன்ன இலக்கம். அதை நான் எப்படித் திருத்துவது?"

ஹாலம் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "இதை எழுத்தில் கொடுத்தால், எல்லோரும் முதலில் பார்ப்பது உங்களுடைய பிழையைத்தான். ஒரு கிளார்க் தவறாக அடித்ததால் வந்த குழப்பம் என்று முடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை வரை யோசியுங்கள்" என்றார். அது அக்கறையா, மிரட்டலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அன்று மாலை யோகராஜா ஷிப்ட் முடிந்து வந்து, சீருடையோடு குசினி மேசையில் இருந்தார். தவமலர் தேத்தண்ணிக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். ஆயுதம், பொலிஸ் எல்லாம் அவர் காதில் ஏறவில்லை.

"நீரோ? நீர் பிழை விட்டனீரோ?" கண்ணை அகலத் திறந்தார். "முப்பது வருஷமாக் காத்திருந்தன் இந்த நாளுக்கு."

"பகிடி விடாதேங்கோ. நான் அழுகிற நிலையில நிக்கிறன்."

அவர் முகம் மாறியது. கோப்பையைத் தள்ளி வைத்தார். "அந்த மனிசன் சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு, தவம். உங்க பெரிய பெரிய ஆக்கள் கையொப்பம் வைச்சிருக்கினம். கடைசியில பழியை உம்மட தலையிலதான் போடுவினம். பென்சன் எடுக்க இன்னும் எத்தினை வருஷம் கிடக்கு?"

"நான் அந்தப் பொலிசுக்கு என்ன பதில் அடிச்சனான் தெரியுமோ? 'எங்கட இல்லை' எண்டு. அனுப்பயில்லை. ஆனா அடிச்சிட்டன்." கையால் கண்ணைத் துடைத்தாள். "நவம் அண்ணையின்ர செத்தவீடு முடிஞ்சு அம்மா மூண்டு காம்புக்கு நடந்தவ. சுட்ட துவக்கு ஆரின்ர எண்டு கேட்டு. மூண்டிலையும் அதைத்தானே சொன்னவை. எங்கட இல்லை."

யோகராஜாவுக்கு அந்தக் கதை தெரியும். தவமலரின் அண்ணன் நவரத்தினம் தபாற்கந்தோரில் வேலை செய்தவர். எண்பத்தொன்பதாம் ஆண்டு ஊரில் ஒரு காலை, சைக்கிளில் வேலைக்குப் போகும்போது சந்தியில் வைத்துச் சுடப்பட்டார். அந்த நாட்களில் துவக்கு யார் யாருக்கோ யார் யாரோ கொடுத்தார்கள். திங்கட்கிழமை ஒருவர் கையில் இருந்தது வெள்ளிக்கிழமை வேறொருவர் கையில் இருந்தது. எது எங்கே போனது என்று எழுதி வைக்க ஒருவருமில்லை. தவமலருக்கு அப்போது பதினெட்டு வயது. தாயோடு மூன்று ஆயுத முகாமுக்கும் கூட நடந்தவள் அவள்தான்.

"உதுதான் காரணமெண்டு ஏன் முதல்லயே சொல்லயில்லை?" என்றார் யோகராஜா. பிறகு எழுந்து, கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். "நாளைக்கு எனக்கு லீவு. சமையலை நான் பாக்கிறன். நீர் இருந்து வடிவா எழுதும். ஒரு பிழையும் வராமப் பாத்துக்கொள்ளும்."

அவள் அழுகையோடேயே சிரித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்றரைப் பக்கம் எழுதினாள். முதல் வசனத்தை நாலு தரம் மாற்றினாள். கடைசியில் நின்றது இதுதான்: 'நாற்பத்தோராம் பெட்டியின் மூன்றாம் இலக்கத்தைப் பிழையாகப் பதிந்தவள் நான்.' திங்கட்கிழமை காலை அதன் ஒரு பிரதியை ஹாலத்தின் மேசையில் வைத்தாள். மற்றதைக் கணக்காய்வுப் பிரிவுக்கு அனுப்பினாள். ஹாலம் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார், தடுக்கவில்லை.

புதன்கிழமை கணக்காய்வுப் பிரிவிலிருந்து வந்தவள் பிரியம்வதா. சென்னையில் படித்துவிட்டு வந்து பன்னிரண்டு வருஷமாக லண்டனில் இருப்பவள். பெயர் அட்டையைப் பார்த்ததும் ஆங்கிலத்தைக் கைவிட்டுத் தமிழுக்கு வந்தாள்.

"மேடம், நான் ஒண்ணு நேரடியாக் கேக்கறேன். தப்பு நினைக்காதீங்க. இந்தப் பிழையை நீங்க சொல்லலைன்னா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"இல்லை."

"ஆமா. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. இத்தனை வருஷத்துல யாரும் எங்ககிட்ட வந்து, இது என் தப்புன்னு முதல் வரியிலயே எழுதிக் கொடுத்ததில்ல."

"நான் வேற என்னத்தை எழுதுறது, பிள்ளை? என்ர பிழைதானே சாட்சி. அதை ஒளிச்சா எல்லாம் போச்சு."

பிரியம்வதா கண் எடுக்காமல் அவளைப் பார்த்தாள். "அந்த ஒரு நம்பர் போதும் மேடம். யாராலயும் இதுக்கு வேற விளக்கம் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு, மடிக்கணினியைத் திறந்தாள்.

அவள் வேலை செய்த விதம் தவமலருக்குப் பிடித்திருந்தது. ஆரவாரம் இல்லை. ஏதோ நாற்பது கருவிகளைத் தெரிவு செய்து, அவற்றின் இலக்கத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டாள். மூன்று கிழமையில் வந்தது பதினொரு படம். அதற்குப் பிறகு மேலிடமும் பேசாமல் இருக்க முடியவில்லை. ஜனவரியில் எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று, இம்முறை போகவேண்டிய இடமெல்லாம் போக அனுமதி வாங்கிக்கொண்டு, அங்கே புறப்பட்டது. ஒவ்வொரு மாலையும் அவர்கள் அனுப்பிய இலக்கங்களைத் தவமலர் களஞ்சியத்துப் படங்களோடு ஒப்பிட்டாள். தான் அடித்த பட்டியலை அவள் நம்பவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பதையும் படத்தைப் பார்த்து மறுபடி பதிந்தாள். வேறு பிழை ஒன்றுமில்லை என்று கண்டபோது, ஒருவருக்கும் சொல்லாமல், கழிவறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்து ஒருதரம் சிரித்துக்கொண்டாள்.

முடிவு இப்படி வந்தது. தொள்ளாயிரத்து நான்கு கருவிகள் இருந்தன. அறுபத்தொன்று சண்டையில் அழிந்ததற்கு எழுத்து இருந்தது. நூற்று எழுபத்தைந்து எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காரில் பிடிபட்டதும் அதில் ஒன்று. இருந்த தொள்ளாயிரத்து நான்கில் இருநூற்றுப் பன்னிரண்டு ஒரு பின்தளக் களஞ்சியத்தில் பெட்டியே உடைக்காமல் கிடந்தன. கடதாசியில் அவை முன்னரங்கில் இருந்ததால், அவற்றை யாரும் தேடவே இல்லை. முன்னரங்கில் நின்ற பையன்கள் இருட்டில் ஒன்றும் தெரியாமல்தான் நின்றிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்த கிழமையே அந்தப் பெட்டிகள் அவர்களிடம் போயின.

தவமலரை அதிகம் உலுக்கியது அந்த இருநூற்றுப் பன்னிரண்டுதான். எண்ணிக் கேட்பது போராடுபவனுக்கு இடைஞ்சல் என்று ஹாலம் நினைத்திருந்தார். அவளுக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. இப்போது அது போய்விட்டது.

மார்ச் மாதம் ஒரு பாராளுமன்றக் குழு விசாரித்தது. மேலதிகாரி ஒருவரும் ஹாலமும் சாட்சி மேசையில் இருந்தார்கள். தவமலர் பின் வரிசையில், மடியில் கோப்போடு இருந்தாள். பொதுமக்கள் அமரும் கதிரையில் யோகராஜா. லீவு போட்டுவிட்டு, மகளின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கழுத்துப் பட்டி இறுக்கியதில் முகம் சிவந்திருந்தது.

குழுவின் தலைவி ஒரு நரைத்த பெண்மணி. "இதைக் கண்டுபிடித்தது எப்படி?" என்று கேட்டார்.

மேலதிகாரி தொண்டையைச் செருமினார். "எங்களுடைய உள்ளகக் கட்டுப்பாடுகள்..." என்று தொடங்கினார்.

ஹாலம் குறுக்கிட்டார். "மன்னிக்க வேண்டும். கட்டுப்பாடுகள் அல்ல. மிஸிஸ் யோகராஜா கண்டுபிடித்தார். அதைச் சத்தமில்லாமல் திருத்திவிடும்படி நான் அவருக்குச் சொன்னேன். அவர் மறுத்தார். அவர் செய்தது சரி."

தலைவி பின் வரிசையைப் பார்த்தார். "அவர் இங்கே இருக்கிறாரா? விரும்பினால் முன்னால் வரட்டும்."

தவமலர் எழுந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நடந்து போய், ஹாலம் நகர்ந்து விட்ட கதிரையில் இருந்தாள். குரல் நடுங்கவில்லை. நாற்பத்தோராம் பெட்டியை, ஒன்றையும் ஏழையும், பல் வலியைக்கூட ஒளிக்காமல் சொன்னாள்.

ஓர் உறுப்பினர் முன்னால் சாய்ந்தார். "அப்படியென்றால், அந்த நாட்டுக்கு ஆயுதம் கொடுப்பதையே நிறுத்த வேண்டும் என்கிறீர்களா?"

"அதை முடிவு செய்வது நீங்கள், சேர். என் வேலை அதுவல்ல." சொல்வதா, விடுவதா என்று அப்போதுதான் தீர்மானித்தாள். "நான் யுத்தத்துக்குள் வளர்ந்தவள். என் அண்ணன் சுடப்பட்டபோது, அந்தத் துவக்கு யாருடையது என்று என் தாய் மூன்று இடத்தில் போய்க் கேட்டார். ஒருவரும் எழுதி வைத்திருக்கவில்லை. அதனால் ஒருவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இங்கே யாராவது வந்து கேட்டால், சொல்லப் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலை எழுதி வைப்பதுதான் என் வேலை."

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். "நன்றி, மிஸிஸ் யோகராஜா" என்றார். பெயரை முழுவதுமாக, நிதானமாக, பிழையில்லாமல் சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் யோகராஜா நின்றார். கண் கலங்கியிருந்தது; அதை மறைக்கப் பட்டியைத் தளர்த்துவதுபோல் பாவனை செய்தார். "நல்லாக் கதைச்சீர்" என்று மட்டும் சொன்னார். வாசலுக்கு வந்ததும் அவரால் அடக்க முடியவில்லை. பாதுகாப்புக் காவலரிடம் போய், "உள்ளே பேசினாவே, அவ என்ர மனிசி" என்று தமிழில் சொல்லிவிட்டு, அந்த ஆளின் முழியைப் பார்த்து ஆங்கிலத்திலும் சொன்னார். தவமலர் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வேறு நாளென்றால் வெட்கப்பட்டிருப்பாள். அன்று இழுத்தாலும், மெதுவாகத்தான் இழுத்தாள்.

விதிமுறைப்படி அவளுடைய பைலில் ஒரு குறிப்பு ஏறியது. பதிவில் ஒரு பிழை, அலுவலர் தாமே அறிவித்தது என்று. வாசித்து ஒப்பமிட்டாள். பரிசோதனைக் குழு மூன்று பேரிலிருந்து பதினொரு பேரானது. தகட்டின் படம் இல்லாமல் எந்தப் பட்டியலும் ஏற்கப்படாது என்று புது விதி வந்தது. நூற்று எழுபத்தைந்தில் ஜூன் வரை பத்தொன்பது அகப்பட்டன. மற்றவை அகப்படும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

புது விதியின்படி முதல் பட்டியல் வந்தபோது அதில் இருபத்துமூன்று இடங்களில் பிழை இருந்தது. எட்டை மூன்றென்று வாசித்திருந்தார்கள். ஒரு வரி இரண்டு தரம் வந்திருந்தது. படங்களில் ஒருவரின் கட்டைவிரல், சேறு, மேலே உடைந்த கூரை எல்லாம் தெரிந்தன. தவமலருக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது. இவர்கள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

போனை எடுத்து அந்த நாட்டுக் களஞ்சியத்துக்கு அழைத்தாள். அங்கே ஒரு சார்ஜன்ட் உடைந்த ஆங்கிலத்தில் பேசினார். ஒன்பதாம் பெட்டி, ஆறாவது கருவி, கடைசி இலக்கம் எட்டா மூன்றா என்று கேட்டாள். அவர் சலிக்கவில்லை. "நில்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார். தூரத்தில் அவருடைய சப்பாத்துச் சத்தமும், பெட்டி மூடி திறக்கும் சத்தமும் கேட்டன. தவமலர் பேனாவைப் பிடித்தபடி, நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள்.